இரத்தத்தைச் சோதித்தது போதும், பீலியையும் சோதியுங்கள்!



சென்ற மழைக்காலத்தில் எமது அங்கத்தவர்கள் வாழும் ஒரு தோட்டத்தில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். பணிய லயத்தில் கொழுந்தெடுக்கும் சகோதரி ஒருவருக்கு நான்கு நாட்களாகக் காய்ச்சல். டிஸ்பென்சரியில் பெனடோல் கொடுத்து அனுப்பினார்கள். ஐந்தாம் நாள் கணவர் ஓட்டோ பிடித்து டவுனுக்குக் கூட்டிப்போனார். தனியார் ஆய்வுகூடம் ஒன்றில் இரத்தம் எடுத்து, ஒரு மணித்தியாலத்துக்குள் தாள் கொடுத்தார்கள். தாளில் 'விடால்' என்றும் அதற்கு நேரே 1:160 என்றும் இருந்தது. "நெருப்புக் காய்ச்சல்தான்" என்று முடிவாயிற்று. ஊசி, மாத்திரை என்று ஒரு வாரம் போனது. காய்ச்சல் இறங்கவேயில்லை.

கடைசியில் அரசாங்க ஆஸ்பத்திரி. அங்கிருந்த டாக்டர் தாளை ஒருபுறம் வைத்துவிட்டு, உடம்பைப் பார்த்தார். கையிலும் காலிலும் சிவந்த தடிப்பு. உண்ணி கடித்ததா, லயத்தில் நாய் இருக்கிறதா, எந்த மலையில் வேலை என்றெல்லாம் கேட்டார். அது நெருப்புக் காய்ச்சல் அல்ல, உண்ணியால் வரும் டைபஸ் காய்ச்சல் என்று மருந்தை மாற்றினார். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது. ஆனால் அதற்குள் பதினாறு நாள் பேர் போய்விட்டது. தோடு அடகுக்குப் போய்விட்டது.

அதே மழைக்காலத்தில், அதே தோட்டத்தின் மேட்டு லயத்தில் பாடசாலை போகும் பையன் ஒருவனுக்கும் காய்ச்சல். மூன்றாம் நாளே பெற்றோர் அதே சோதனையைச் செய்வித்தார்கள். 'இல்லை' என்று தாள் வந்தது. "நெருப்புக் காய்ச்சல் இல்லையாம்" என்று நிம்மதியாக வீட்டிலேயே வைத்திருந்தார்கள். மூன்றாம் வாரத்தில் பையனுக்கு மலத்தோடு இரத்தம் போனது. தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்த்தபோது அதுதான் உண்மையான நெருப்புக் காய்ச்சல். பையன் பிழைத்தது நமது அதிர்ஷ்டம்.

நோய் இல்லாதவருக்கு 'உண்டு' என்றது ஒரு தாள். நோய் உள்ளவனுக்கு 'இல்லை' என்றது இன்னொரு தாள். இரண்டு குடும்பமும் தண்ணீர் பிடிப்பது மலையுச்சியிலுள்ள ஒரே டாங்கியிலிருந்து. அந்தத் தண்ணீரை அன்றும் எவரும் சோதிக்கவில்லை, இன்றுவரையும் சோதிக்கவில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

அந்தத் தாள் என்ன சொல்கிறது?

நெருப்புக் காய்ச்சலுக்குக் காரணம் சல்மொனெல்லா டைஃபி என்ற கிருமி. நோயாளியின் மலத்தில் வெளியேறி, தண்ணீரிலோ உணவிலோ கலந்து, இன்னொருவர் வாய்வழியாக உள்ளே போகிறது. கிருமி உள்ளே வந்ததும் நம் உடம்பு அதை எதிர்க்க ஒரு பொருளைச் செய்கிறது. பாடசாலைப் புத்தகத்தில் அதற்குப் 'பிறபொருளெதிரி' என்று பெயர். 1896இல் பாரிஸ் நகரில் ஃபெர்னாண்ட் விடால் என்ற வைத்தியர் இதை வைத்து ஒரு சோதனையைக் கண்டுபிடித்தார். நோயாளியின் இரத்தநீரை எடுத்து, கிருமிகள் கலந்த நீரில் விட்டால், எதிர்ப்புப்பொருள் இருக்கும் இரத்தம் கிருமிகளைத் திரளவைக்கும். திரண்டால் 'உண்டு', திரளாவிட்டால் 'இல்லை'.

1:160 என்ற கணக்கு என்ன? நாம் சாயத்தண்ணி ஊற்றுபவர்கள், நமக்கு விளங்காததல்ல. திக்கான சாயத்தில் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் நிறம் தெரியாமல் போகும் அல்லவா? அதுபோல இரத்தநீரை 20 மடங்கு, 40 மடங்கு, 80 மடங்கு, 160 மடங்கு என்று தண்ணீராக்கிக்கொண்டே போய், எதுவரை கிருமி திரள்கிறது என்று பார்க்கிறார்கள். 160 மடங்கு தண்ணீராக்கிய பிறகும் திரண்டால் 1:160. எண் கூடக்கூட எதிர்ப்புப்பொருள் கூட என்று பொருள்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். இந்தச் சோதனை கிருமியைத் தேடுவதில்லை. கிருமியை உடம்பு எதிர்த்ததன் அடையாளத்தைத்தான் தேடுகிறது. அந்த அடையாளம் இன்றைய நோயினால் வந்ததா, மூன்று வருடத்துக்கு முன் வந்த நோயினாலா, அதே இனத்தைச் சேர்ந்த வேறொரு கிருமியினாலா என்று ஒரு தாளினால் சொல்ல முடியாது. சிலவேளை முற்றிலும் வேறான காய்ச்சல்களில்கூட இது 'உண்டு' என்று காட்டிவிடும்.

மறுபுறம், எதிர்ப்புப்பொருள் உருவாக ஒரு வாரமாவது பிடிக்கும். மூன்றாம் நாள் இரத்தம் கொடுத்தால் உண்மையான நோயாளிக்கும் 'இல்லை' என்றே வரலாம். மேட்டு லயத்துப் பையனுக்கு நடந்தது அதுதான்.

இதை நாம் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. மருத்துவப் புத்தகங்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருவதுதான். இந்தச் சோதனைக்குச் சரியான முறை, ஒருதரம் இரத்தம் எடுத்து, பத்துப் பதினான்கு நாள் கழித்து மறுபடியும் எடுத்து, எண் நான்கு மடங்காவது கூடியிருக்கிறதா என்று ஒப்பிடுவது. அதோடு, அந்தப் பகுதியில் காய்ச்சலில்லாத ஆரோக்கியமான ஆட்களுக்குச் சாதாரணமாக என்ன எண் இருக்கும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். டவுனில் ஒரு தாளை வாங்கிக்கொண்டு வரும் நம் ஆட்களில் யாருக்கு இந்த இரண்டாவது சோதனை நடந்திருக்கிறது? நம் லயத்து ஜனங்களின் சாதாரண அளவு என்னவென்று எந்தக் கம்பனி கண்டறிந்து வைத்திருக்கிறது?

நம் இரத்தத்தில் எழுதியிருப்பது யாருடைய குற்றம்?

தோழர்களே, இதை ஊன்றி யோசியுங்கள். ஓர் ஊரில் அசுத்தத் தண்ணீர் வழியாகக் கிருமி காலங்காலமாகச் சுற்றி வந்தால், அந்த ஊர் மக்களில் பலரது இரத்தத்தில் நோயில்லாத நாளிலும் எதிர்ப்புப்பொருள் இருக்கும். சுத்தமான குழாய்த்தண்ணீர் குடித்து வளர்ந்த ஒருவருக்கு 'உண்டு' என்று வந்தால் அதற்கொரு பொருள். பிறந்த நாள் முதல் ஓடைத் தண்ணீரும் பீலித் தண்ணீரும் குடித்து வளர்ந்த நமக்கு 'உண்டு' என்று வந்தால், அது பெரும்பாலும் சொல்வது இதைத்தான்: 'இவர் எப்போதோ மலம் கலந்த தண்ணீரைக் குடித்திருக்கிறார்.'

நாம் அந்தத் தாளைப் பொய் என்று முழுதாகத் தள்ளிவிடவில்லை. அது உண்மையும் சொல்கிறது. ஆனால் அந்த உண்மை நோயாளியின் படுக்கைக்கு உரியதைவிடத் துரையின் மேசைக்கு உரியது. நம் தோட்டங்களில் எத்தனை பேருடைய இரத்தம் அப்படிச் சாட்சி சொல்லியிருக்கிறது! அத்தனை சாட்சியும் நமது சட்டைப்பையிலேயே மடித்துக் கிழிந்து போகிறது.

ஒரு பழைய கதை சொல்கிறோம். விடால் சோதனை வந்த அடுத்த வருடம், 1897இல், இங்கிலாந்தின் மெயிட்ஸ்டன் என்ற ஊரில் நெருப்புக் காய்ச்சல் பரவியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் படுத்தனர், நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அங்கே 'ஹொப்' என்ற கொடியின் பூவைப் பறிக்கப் பருவகாலத்தில் ஏழைத் தொழிலாளிகள் குடும்பத்தோடு வந்து கூடாரங்களில் தங்குவார்கள். கொழுந்து பறிக்கும் நமக்கு உறவுக்காரர்கள் என்றே சொல்லலாம். அவர்களுக்குக் கக்கூஸ் வசதி ஒழுங்காக இல்லை. ஊருக்குக் குடிநீர் தரும் ஊற்றுகளுக்குப் பக்கத்திலேயே அவர்கள் கூடாரமடித்திருந்தார்கள். பறிப்பவர்கள்மேல் பழி சொல்வது எளிது. ஆனால் நோயை நிறுத்தியது பழி அல்ல. ஊற்றை மூடினார்கள், குழாய்களைக் குளோரின் கொண்டு கழுவினார்கள். நோய் நின்றது. இரத்தத்தைச் சோதிக்கும் வழி அப்போது ஒரு வயதுக் குழந்தை. தண்ணீரைப் பார்த்தால் நோய் நிற்கும் என்ற அறிவோ அதற்கும் மூத்தது. நூற்று இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகியும் அந்த அறிவு நம் மலை ஏறி வரவில்லை என்றால், பாதை இல்லாததாலா, மனம் இல்லாததாலா?

நம் உடம்பைச் சோதிப்பதில் இந்த நாட்டில் யாரும் குறை வைத்ததில்லை. நம் பாட்டன் பாட்டிமாரை மண்டபம் முகாமில் நிறுத்திவைத்து, கொலரா இருக்கிறதா, அம்மை இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கப்பலேற்றினார்கள். நோயைச் சுமந்து வருபவர்கள் நாம் என்பது அன்றைய கணக்கு. வந்த இடத்தில் நமக்குக் கொடுத்த தண்ணீர் எப்படிப்பட்டது என்ற கணக்கை அன்றும் பார்க்கவில்லை. இன்றும் காய்ச்சல் என்றால் முதலில் நீள்வது நம் கைதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

1912ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டம் வெள்ளைக்காரன் எழுதியது. அதிலேயே லயங்களையும் சுற்றுப்புறத்தையும் சுகாதாரமாக வைத்திருப்பதும், தோட்டத்தில் யார் யார் நோயில் இருக்கிறார்கள் என்று அறிந்திருப்பதும் தோட்ட அத்தியட்சகரின் கடமை என்று எழுதியிருக்கிறது. தோட்டங்கள் அரசாங்கத்திடம் போயின, 1992இல் கம்பனிகளிடம் வந்தன. கடமை மட்டும் யார் கையிலும் தங்கவில்லை.

1897இலிருந்து தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அதன்படி நெருப்புக் காய்ச்சல் அறிவிக்கப்பட வேண்டிய நோய். டைபஸ் காய்ச்சலும் அப்படியே. சிகிச்சை அளிப்பவருக்குச் சந்தேகம் வந்தவுடனேயே 'எச் 544' என்ற படிவத்தை நிரப்பிச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். தாள் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. படிவம் போனால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் லயத்துக்கு வர வேண்டும். வந்தால் கேட்பார்: தண்ணீர் எங்கிருந்து வருகிறது? டாங்கிக்கு மூடி இருக்கிறதா? மேலே யாருடைய மலக்குழி? குளோரின் போடுகிறார்களா? வேறு யாருக்குக் காய்ச்சல்?

இந்தக் கேள்விகள் கேட்கப்படாமல் இருப்பதில் யாருக்கு இலாபம் என்று நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 'வைரஸ் காய்ச்சல்' என்று துண்டில் எழுதினால் படிவம் இல்லை. நாமே காசு கொடுத்து டவுனில் தாள் வாங்கி, மருந்துக் கடையில் மாத்திரை வாங்கித் தின்று முடித்தாலும் படிவம் இல்லை. படிவம் இல்லாத நோய் அரசாங்கக் கணக்கில் இல்லாத நோய். கணக்கில் இல்லாத நோய்க்கு டாங்கி கட்ட யார் பணம் ஒதுக்குவார்கள்?

நமது பணத்தில், நமது இரத்தத்தில், அவர்களுடைய குற்றம் மறைக்கப்படுகிறது. தோழர்களே, நமக்கு ஆத்திரம் வரவேண்டிய இடம் இதுதான்.

சொல்வார்கள், கேளுங்கள்

'லயத்து ஆட்கள் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிப்பதில்லை, கை கழுவுவதில்லை, அதனால்தான் நோய்' என்பார்கள். கொதிக்கவைக்க வேண்டும் என்பதில் நமக்கு எதிர்வாதம் இல்லை. கீழே நாமே அதைச் சொல்கிறோம். ஆனால் விடிகாலை எழுந்து, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, பெரட்டுக்கு ஓடி, மாலையில் விறகு சுமந்து வரும் பெண்ணிடம், 'குடிக்கிற ஒவ்வொரு சொட்டையும் நீ கொதிக்க வை, டாங்கியை நாங்கள் மூடமாட்டோம்' என்று சொல்வது சுகாதாரப் போதனை ஆகாது. மலையில் நின்று கொழுந்தெடுக்கும்போது தாகமெடுத்தால் அவள் எந்த அடுப்பைத் தேடுவாள்?

'தண்ணீர் எங்கள் பொறுப்பல்ல, பிரதேச சபையைக் கேளுங்கள்' என்று கம்பனி சொல்லும். 'அது தனியார் தோட்டம்' என்று சபை சொல்லும். பந்து இப்படியே உருண்டது. பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது உண்மை. 2018இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. அந்தச் சாக்கு இனிச் செல்லாது. சபைக்கும் கடமை உண்டு, கம்பனிக்கும் கடமை உண்டு. ஒருவரைக் காட்டி மற்றவர் தப்ப முடியாது.

'கிருமி வளர்ப்புச் சோதனைக்கு நாட்கள் ஆகும், ஆய்வுகூட வசதி வேண்டும், விடால் மலிவு, உடனே கிடைக்கும்' என்று சில வைத்தியர்களும் சொல்வார்கள். இதில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. 'கல்ச்சர்' என்கிற அந்தச் சோதனையில் இரத்தத்தை ஊட்டநீரில் விட்டு, கிருமி வளர்கிறதா என்று சில நாட்கள் பார்க்க வேண்டும். அதுவும் நூற்றுக்கு நூறு அல்ல. உண்மையான நோயாளிகள் பத்துப் பேரில் ஏறக்குறைய ஆறு பேரிடம்தான் கிருமி அகப்படும். ஆனால் அகப்பட்டால் சந்தேகம் இல்லை. எந்த மருந்துக்கு அந்தக் கிருமி சாகும் என்பதையும் அது சொல்லும். விடால் அதை ஒருநாளும் சொல்லாது.

எந்த மருந்து என்பது இன்று சின்ன விடயம் அல்ல. முன்பு நெருப்புக் காய்ச்சலைக் குணமாக்கிய மாத்திரைகள் பல தெற்காசியாவில் இன்று சரியாக வேலை செய்வதில்லை. 2016இல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில், வழமையாகக் கொடுக்கும் மருந்துகளில் பெரும்பாலானவற்றுக்கு அடங்காத நெருப்புக் காய்ச்சல் தலையெடுத்துப் பரவியது. நோய் இல்லாதவருக்கு ஒரு தாளை நம்பி அன்டிபயோட்டிக் கொடுப்பதும், பாதியில் நிறுத்துவதும் இத்தகைய கிருமிகளுக்கே வழிவிடும். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இந்த நோய் வருடத்துக்கு 90 இலட்சம் பேரைப் பிடிக்கிறது, 1 இலட்சத்து 10 ஆயிரம் பேரைக் கொல்கிறது. சுத்தமான தண்ணீரும் மலசலகூடமும் இல்லாத இடங்களில்தான் இதன் பாரம் அதிகம்.

நம் மலைநாட்டுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. டைபஸ் காய்ச்சல் மத்திய மலைநாட்டில் நெடுங்காலமாக உள்ள நோய். பெயர் கேட்டால் டைஃபொயிட்டின் தம்பி போல இருக்கும், ஆனால் உறவே இல்லை. உண்ணி போன்ற சிறு பூச்சி கடித்து வருவது. அதற்கு டொக்சிசைக்கிளின் போன்ற மருந்து வேண்டும். நெருப்புக் காய்ச்சலுக்குப் போடும் பல ஊசிகள் அதற்கு வேலை செய்யாது. எலிக்காய்ச்சலும் உண்டு, கொழும்புக்கு வேலைக்குப் போய்வரும் பிள்ளைகள் கொண்டுவரும் டெங்குவும் உண்டு. புதரிலும் புல்லிலும் சேற்றிலும் நிற்கும் நமக்கு இவை எல்லாம் வரக்கூடியவை. ஒரு தாளைப் பார்த்து 'நெருப்புக் காய்ச்சல்' என்று முத்திரை குத்தினால், மற்ற எல்லா நோய்க்கும் கதவு திறந்து கொடுத்தாயிற்று.

நம் சங்கத்தின் குறையையும் சொல்வோம்

மற்றவர்களை மட்டும் சொல்லி நாம் தப்பமாட்டோம். சம்பளத்துக்காக நாம் வீதிக்கு இறங்கினோம். 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. அதற்காகப் பட்ட பாட்டை மறக்கவில்லை. ஆனால் ஒரு காய்ச்சல் ஒரு வீட்டுக்கு வந்தால், பத்து நாள் பேர் போனால், 2024இன் அந்த அடிப்படைச் சம்பளக் கணக்கில் மட்டும் 13,500 ரூபா போனது. ஓட்டோக் கூலி, தாள், மாத்திரை எல்லாம் தனி. கூட்டிப் பெற்ற சம்பளம் பீலி வழியாக ஓடிப்போகிறது. இந்தக் கணக்கை எத்தனை கமிட்டிக் கூட்டத்தில் நாம் பேசியிருக்கிறோம்? டாங்கிக்கு மூடி வேண்டும் என்று எத்தனை தலைவர்மார் துரையிடம் எழுத்தில் கேட்டிருக்கிறார்கள்? கேட்டது குறைவு. இனிக் கேட்போம்.

காய்ச்சல் வந்தால் நாம் செய்ய வேண்டியது

காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினால் டவுன் ஆய்வுகூடத்துக்கு முதலில் ஓடாதீர்கள். அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வைத்தியம் இலவசம், படிவம் எழுத வேண்டியவரும் அங்கேதான் இருக்கிறார். கடும் வயிற்றுவலி, மலத்தில் இரத்தம், மயக்கம், மூச்சுத்திணறல், ஓயாத வாந்தி இருந்தால் மூன்று நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. சிறு குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் காய்ச்சல் வந்த அன்றே போக வேண்டும்.

மருந்துக் கடையில் நீங்களாக அன்டிபயோட்டிக் வாங்கிப் போடாதீர்கள். போட்ட பிறகு இரத்தம் எடுத்தால் கிருமி அகப்படுவது கடினம். ஏற்கனவே போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், உறையைக் காட்டுங்கள்.

டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்: "ஐயா, அன்டிபயோட்டிக் தொடங்க முன் கல்ச்சருக்கு இரத்தம் எடுக்கலாமா?" இது மரியாதைக் குறைவான கேள்வி அல்ல. உங்கள் வேலையையும் சொல்லுங்கள்: கொழுந்து மலையா, புல்வெட்டா, கான்வெட்டா, உண்ணி கடித்ததா, உடம்பில் தடிப்போ கறுத்த பொருக்கோ இருக்கிறதா? விடால் தாள் கையில் இருந்தால் கொடுங்கள், ஆனால் அதுவே முடிவு என்று நீங்கள் நினைக்காதீர்கள்.

நோய் கடுமையாக இருந்து டாக்டர் உடனே மருந்து தொடங்கினால் தடுக்காதீர்கள். தொடங்கிய மருந்தைக் காய்ச்சல் விட்டதென்று பாதியில் நிறுத்தாதீர்கள். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் மருந்தை வீசிவிடக் கூடாது. மருந்தில்லாத காலத்தில் நெருப்புக் காய்ச்சல் வந்த பத்துப் பேரில் ஒருவரையாவது கொண்டுபோனது.

தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். மலைக்குப் போகும்போதும் கொதித்தாறிய தண்ணீரையே போத்தலில் கொண்டு போங்கள். கக்கூசுக்குப் போய்வந்தாலும் சமைக்குமுன்னும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். நோய் வந்து தேறியவர்களில் சிலர் நலமாக இருந்தபடியே மாதக்கணக்கில் கிருமியை வெளியேற்றலாம். அவர்களை ஒதுக்கிவைக்காதீர்கள். மறுபடி சோதித்து வைத்தியம் செய்ய வழி உண்டு.

கமிட்டிகள் செய்ய வேண்டியது

ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு கொப்பி வைக்க வேண்டும். எந்த லயம், எத்தனையாம் காம்பரா, காய்ச்சல் என்று தொடங்கியது, எங்கே காட்டினார்கள், படிவம் போனதா என்று எழுதுங்கள். மாதர் தலைவிமார் இதைப் பொறுப்பேற்றால் நன்று. யாருக்குக் காய்ச்சல் என்று எல்லோருக்கும் முன்பு அறிபவர்கள் அவர்கள்தான். அந்தக் கொப்பி வம்பு பேசுவதற்கு அல்ல. நோயாளியின் பெயரைக் கமிட்டிக்கு வெளியே கொண்டு போகக் கூடாது.

ஒரே டாங்கியில் தண்ணீர் பிடிக்கும் வீடுகளில் இரண்டு மூன்று பேருக்கு நீண்ட காய்ச்சல் வந்தால், அன்றே சுகாதார வைத்திய அதிகாரியின் அலுவலகத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். பிரதி ஒன்று துரைக்கு, ஒன்று சங்கக் காரியாலயத்துக்கு. வாயால் சொன்னது காற்றோடு போகும். கையெழுத்து வாங்கிய கடிதம் போகாது.

நாம் கோருவது

ஒன்று: ஒவ்வொரு தோட்டத்திலும் குடிநீர் ஊற்று, டாங்கி, பீலி ஆகியவற்றின் தண்ணீரைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கிரமமாகச் சோதித்து, முடிவைப் பெரட்டுக்களத்தில் தமிழில் ஒட்ட வேண்டும். 100 மில்லிலீற்றர் குடிநீரில் ஈ கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது நியமம். கொழும்புக்கு ஒரு நியமம், லயத்துக்கு ஒரு நியமம் கிடையாது.

இரண்டு: டாங்கிகளுக்கு மூடி, ஊற்றுகளுக்கு வேலி, ஒழுங்கான குளோரின். ஊற்றுக்கு மேலே உள்ள மலக்குழிகளை அகற்றி வேறிடத்தில் கக்கூஸ் கட்டித் தர வேண்டும். செலவு கம்பனியும் சபையும் பகிர வேண்டியது, நாமல்ல.

மூன்று: நீண்ட காய்ச்சலோடு வரும் தோட்டத் தொழிலாளிக்குக் கிருமி வளர்ப்புச் சோதனை கிடைக்க வழி செய்ய வேண்டும். சிறிய ஆஸ்பத்திரியில் ஆய்வுகூடம் இல்லாவிட்டால், இரத்தம் எடுத்த போத்தலை வசதியுள்ள இடத்துக்கு அனுப்பலாம். கொழுந்தை அன்றன்றே ஸ்டோருக்கு ஏற்ற வழி இருக்கும் தோட்டத்தில் இரத்தப் போத்தலுக்கு வழி இல்லையா?

நான்கு: அறிவிக்கப்பட வேண்டிய நோய் என்று ஆஸ்பத்திரியில் உறுதியானவருக்கு, வேலைக்கு வராத நாட்களுக்குச் சம்பளம் வேண்டும். தோட்டத்துத் தண்ணீரைக் குடித்து வந்த நோய்க்குத் தொழிலாளியின் பேரை வெட்டுவது நியாயமல்ல.

தோழர்களே! விடால் என்ற அந்த வைத்தியர் கண்டுபிடித்தது கெட்ட சோதனை அல்ல. அவர் காலத்தில் அது பெரிய காரியம். அதைத் தனியாக நிறுத்தி, தாள் வாங்குவதோடு வேலை முடிந்தது என்று ஆக்கியதுதான் கேடு. அடுத்த முறை யாராவது உங்கள் கையைப் பிடித்து இரத்தம் எடுக்கும்போது கொடுங்கள். பிறகு கேளுங்கள்: "என் இரத்தத்தைப் பார்த்தாயிற்று. நான் குடிச்ச தண்ணிய எப்போ பார்ப்பீங்க?"

ஒருவர் கேட்டால் முணுமுணுப்பு. ஒரு லயமே கேட்டால் முறைப்பாடு. எல்லாத் தோட்டமும் கேட்டால் டாங்கிக்கு மூடி வரும்.